எந்தக் கடலை சேராது? மழைக்காலப் பலகாரமும் ஒவ்வாமை உள்ள பிள்ளையும்



புரட்டாசி பிறந்து கரிசல் காட்டில் ரெண்டு மழை விழுந்துவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் அடுப்புக்கு ஓய்வு கிடையாது. சரஸ்வதி பூஜைக்குப் பொரியும் சுண்டலும். ஐப்பசியில் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும். திருக்கார்த்திகைக்குப் பொரி உருண்டையும், பனை ஓலைக்குள் மாவை வைத்து அவித்த கொழுக்கட்டையும். செவல் காட்டில் பிடுங்கிய பச்சைக் கடலை சந்தைக்கு வந்துவிட்டால் சாயங்காலம் ஒரு சட்டி அவித்து, மழையைப் பார்த்துக்கொண்டே தொலி உரித்துத் தின்போம். கோவில்பட்டி கடலை மிட்டாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் அதை வாங்காமல் பஸ் ஏறுவதில்லை.

இவ்வளவும் நல்ல சாப்பாடுதான். ஆனால் சில வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இதில் ஏதோ ஒன்று சேராது. அந்த வீட்டாருக்கு இந்த மூன்று மாதமும் வயிற்றில் நெருப்பு. அப்படிப்பட்ட வீட்டுக்காகவும், அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிற பக்கத்து வீட்டுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கயத்தாறு பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்த ஒரு தம்பதியைச் சொல்லுகிறேன். நாலு வயதுப் பையன். ஒருதரம் கடலை மிட்டாய் தின்று உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. "பிள்ளைக்குக் கடலை சேராது, கொடுக்காதீங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். தாய் அதை அப்படியே மாமியாரிடம் சொன்னாள். அது உளுந்து விதைப்புக் காலம். புருஷனும் பெண்டாட்டியும் விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளை ஆச்சியிடம்.

ஆச்சி பேரனை உயிராய்ப் பார்த்தார். பொரிகடலைத் துவையலை நிறுத்தினார். கடலைமாவு பஜ்ஜியை நிறுத்தினார். பூஜைக்கு அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலைக் கண்ணில் காட்டவில்லை. பிள்ளை ஏங்குகிறானே என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த எள்ளுருண்டையில் ஒன்றைக் கையில் கொடுத்தார். எள்ளுதானே, கடலை இல்லையே! அந்த உருண்டையில் எள்ளோடு நிலக்கடலையும் வறுத்து இடித்துச் சேர்த்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் பிள்ளைக்கு வாந்தி, இருமல், மூச்சு இழுப்பு. நல்லவேளை, பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. பிழைத்தான்.

ஆச்சியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குற்றம் "கடலை" என்கிற சொல்லில் இருக்கிறது. நாம் நாலைந்து பொருளைக் கடலை என்றே சொல்லுகிறோம். மிட்டாயில் போடுகிற நிலக்கடலை ஒரு செடி. அதைத்தான் வேர்க்கடலை என்றும், மணிலாக்கொட்டை என்றும் சொல்லுகிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த பயிர். துவையலுக்குப் போடுகிற பொரிகடலை, சாம்பாருக்குப் போடுகிற கடலைப்பருப்பு, பஜ்ஜிக்குக் கரைக்கிற கடலைமாவு, சுண்டல் செய்கிற கொண்டைக்கடலை ஆகிய இந்த நாலும் வேறொரு செடியின் பருப்பு. நிலக்கடலை சேராத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மற்ற பருப்பு வகைகள் ஒன்றும் செய்வதில்லை. அதேபோல, கொண்டைக்கடலை சேராத பிள்ளை நிலக்கடலையைத் தாராளமாகத் தின்பதும் உண்டு. ஆகவே டாக்டர் "கடலை" என்றால், வெட்கப்படாமல் "எந்தக் கடலை ஐயா?" என்று கேளுங்கள். முடிந்தால் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

அந்தப் பையன் ஒரு வருஷம் பொரிகடலை, சுண்டல், முறுக்கு ஒன்றுமில்லாமல் இருந்தான். அத்தனையும் அவனுக்குச் சேரக்கூடியவை. விட வேண்டிய ஒன்று மட்டும் எள்ளுருண்டைக்குள் ஒளிந்து வந்துவிட்டது.

ஒவ்வாமை என்பது என்ன? நம் உடம்புக்குள் கிருமியை எதிர்க்கிற காவல் ஒன்று இருக்கிறது. அது சில பேருக்கு ஆள் தெரியாமல், நல்ல சாப்பாட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். வாய் அரிக்கும், உதடு வீங்கும், உடம்பில் தடிப்புத் தடிப்பாய் எழும்பும், வாந்தி வரும். கொஞ்சம் தின்றால் கொஞ்சம், நிறையத் தின்றால் நிறைய என்கிற கணக்கு இதில் செல்லாது. ஒரு விரல் பொடியே போதும்.

தடிப்பு எழும்பினால் நாம் காணாக்கடி என்போம். எதோ பூச்சி தெரியாமல் கடித்துவிட்டது என்று வெற்றிலையில் மிளகை வைத்துக் கொடுப்போம். தடிப்பு மட்டும் வந்து அடங்கிவிட்டால் மிளகுக்குப் பெயர் கிடைக்கும். எல்லாத் தடிப்பும் சாப்பாட்டினால் வருவதும் இல்லை; சாதாரணக் காய்ச்சலிலும் பிள்ளைகளுக்குத் தடிக்கும். ஆனால் ஒரே பண்டத்தைத் தின்றதும் ரெண்டாம் முறையும் வந்தால் காணாக்கடி என்று விட்டுவிடாதீர்கள். என்ன தின்றான், எத்தனை மணிக்குத் தின்றான், எப்போது தடித்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அந்த நோட்டுதான் பாதி வைத்தியம். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் தோலில் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரந்தி, கிரந்தி என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் எல்லாவற்றையும் தள்ளிவைக்கிற வீடுகளும் உண்டு. பருப்பு தின்றால் வயிறு உப்புவது ஒவ்வாமை அல்ல. சந்தேகத்தின்பேரில் பத்துப் பண்டத்தை நிறுத்தினால் ஒவ்வாமைக்குப் பதிலாகச் சத்துக் குறைவு வந்து சேரும். மழைக்காலத்தில் சளியும் காய்ச்சலும் ஏற்கெனவே பிள்ளையைப் பிடித்து ஆட்டும். அப்போது சாப்பாட்டையும் குறைத்தால் எப்படித் தாங்கும்?

ஆபத்து எது, அப்போது என்ன செய்வது

தடிப்பு ஒன்று மட்டும் என்றால் பதற வேண்டியதில்லை, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மூச்சு இழுப்பு, விடாத இருமல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், உடம்பு துவண்டு கண் செருகுதல் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிற வண்டி, காசு கிடையாது. இளைப்பு நோய் உள்ள பிள்ளை என்றால் இன்னும் ஜாக்கிரதை. ஐப்பசிக் குளிரிலும் வெடிப் புகையிலும் அதன் மூச்சுக்குழாய் முன்பே சுருங்கியிருக்கும்.

இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத்துச் சதையில் போடுவார்கள். நிமிஷக் கணக்கில் வேலை செய்யும். அரிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், அடைபட்ட மூச்சைத் திறக்காது. வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டு, "பார்ப்போம், பார்ப்போம்" என்று உட்கார்ந்திருந்ததால் போன உயிர் உண்டு. வண்டி வருகிற வரை பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரட்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுப்பி நடத்திக் கூட்டிப்போகக் கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோவதும் நல்லதல்ல. ரத்த அழுத்தம் இறங்கிய நேரத்தில் நிமிர்ந்து இருந்தால் மயக்கம் கூடும். வண்டி வரத் தாமதமானால் ஆட்டோவோ காரோ எது கிடைத்தாலும் தாயின் மடியில் படுத்தபடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். ஊசி போட்டுச் சரியானதும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வருவது உண்டு. டாக்டர் இருக்கச் சொல்கிற நேரம் வரை இருங்கள்.

தாயின் மேல் பழி

அந்தக் கயத்தாறு வீட்டில் ஆஸ்பத்திரி செலவை விடப் பெரிய செலவு ஒன்று நடந்துகொண்டிருந்தது. "மாசமா இருக்கையில கடலையா அரைச்சுத் தின்னா, அதான் பிள்ளைக்கு இப்படி" என்று உறவுக்காரர்கள் பேச, புருஷனும் அதை நம்பிவிட்டார். அவர்களுக்குள் ஆறு மாதம் சரியான பேச்சு இல்லை. அடுத்த பிள்ளையே வேண்டாம் என்று அந்தப் பெண் முடிவு செய்திருந்தாள். பிள்ளை வேண்டும் வேண்டாம் என்பது அவர்கள் இருவரும் பேசித் தீர்மானிக்க வேண்டிய காரியம். ஆனால் தப்பான சேதியை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது அல்லவா?

இங்கிலாந்திலேகூட 1998-ல், ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் நிலக்கடலையைத் தவிர்க்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. அதற்கு ஆதாரம் போதவில்லை என்று 2009-ல் அதை விட்டுவிட்டார்கள். பிறகு லண்டனில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2015-ல் முடிவு வந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நிலக்கடலைப் பண்டம் வாரந்தோறும் கொடுத்தார்கள், மறு பகுதிக்கு அறவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்த பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 17 பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமை. தின்ற பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 3 பேருக்குத்தான். நம் பாட்டிமார் கடலையை இடித்துப் பேரப்பிள்ளைக்கு ஊட்டியது மடத்தனம் இல்லை என்று இப்போது தெரிகிறது!

ஆகவே, தனக்கு ஒவ்வாமை இல்லாத கர்ப்பிணி நிலக்கடலையைத் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பிறகு இணை உணவு ஆரம்பிக்கும்போது நிலக்கடலையையும் நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். முழுக் கடலையை மட்டும் ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும். மூத்த பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தாலோ, கைக்குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். மூத்ததுக்கு வந்தது இளையதுக்கும் வந்தே தீரும் என்பது இல்லை. வாய்ப்பு மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இதையெல்லாம் அந்தப் புருஷனை உட்காரவைத்துத்தான் சொன்னேன். பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவள் போய் யாரிடம் சொல்லி நம்பவைப்பாள்?

ஆண்களுக்கும் ஒரு சங்கதி. ஒவ்வாமை பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல. தலை தீபாவளிக்குப் போன ஒரு மாப்பிள்ளை, தனக்கு இறால் சேராது என்பதை மாமியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு இலையில் வைத்ததைத் தின்றுவிட்டு, புதுச் சட்டையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை நான் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பண்டிகையை விட வேண்டாம்

நிலக்கடலை சேராத பிள்ளை உள்ள வீட்டில் பலகாரத்தை நிறுத்த வேண்டியதில்லை. எண்ணெயைக் கவனியுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் சத்துத் துணுக்கு தங்கியிருக்கும், அந்தப் பிள்ளைக்கு ஆகாது. முறுக்கையும் அதிரசத்தையும் வேறு எண்ணெயில் சுடுங்கள். கடலை வறுத்த சட்டியிலும் கரண்டியிலும் அவனுடையதைச் செய்யாதீர்கள். கடலையை அவித்தாலும் அவனுக்கு ஆகாது. கடலை மிட்டாய் போடுகிற இடத்தில், அதே பலகையில்தான் எள் மிட்டாயும் பொரிகடலை மிட்டாயும் போடுவார்கள். ஆகவே அவற்றைக் கடையில் வாங்க வேண்டாம். பாக்கெட்டில் வருகிற பண்டம் என்றால், நிலக்கடலை, பால், முட்டை, மீன் முதலியவை சேர்ந்திருந்தால் அதை அட்டையில் காட்ட வேண்டும் என்பது 2020-ல் வந்த விதி. எழுத்து பொடியாக இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தாய் கடலை மிட்டாய் கம்பெனிக்கோ கடலை உடைக்கவோ போகிறவள் என்றால், வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிச் சேலையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. தொழுவத்தில் கிடக்கிற கடலைப் பிண்ணாக்கும் அதே கடலைதான்.

பக்கத்து வீட்டுப் பலகாரத்தை வேண்டாம் என்று சொன்னால் மனசு கோணும். வாங்கி உள்ளே வையுங்கள், பெரியவர்கள் தின்னுங்கள். பிள்ளைக்கு அவன் பேரில் ஒரு டப்பா இருக்கட்டும். ஊருக்குப் போனாலும் விசேஷ வீட்டுக்குப் போனாலும் அது கூடவே வரட்டும். அங்கன்வாடி டீச்சரிடமும் பள்ளிக்கூடத்திலும் வாயால் சொல்வதோடு, ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள்.

மிட்டாய் ஆசைக்கும் வழி உண்டு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் டக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, பொரிகடலையைக் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, சூட்டோடு வில்லை போடுங்கள். மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூவைத் தூவினால் பார்வைக்குக் கோவில்பட்டி மிட்டாய் மாதிரியே இருக்கும். கார்த்திகைப் பொரியையும் இதே பாகில் உருண்டை பிடிக்கலாம்.

அந்தக் கயத்தாறு ஆச்சி இப்போது இதற்கென்று ஒரு சட்டியைத் தனியாக வைத்திருக்கிறார். அதன் காதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. யார் வந்து இரவல் கேட்டாலும் கொடுப்பதில்லை.