ஓய்ந்து நிற்கும் இயந்திரத்தின் பற்றரியைக் காப்பது எப்படி?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்கள் பலவற்றின் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் ஆண்டில் பல மாதங்கள் ஓடாமலே நிற்கின்றன. சொந்தக் காணி தூரத்தில் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்த காணியோ ஒரு போகத்துக்கு மட்டும். எனவே இயந்திரம் உறவினர் வளவிலோ மரத்தின் கீழோ தறப்பாள் போர்த்தபடி காத்திருக்கிறது. புரட்டாதி, ஐப்பசியில் மழை விழுந்ததும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கும். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் என ஒதுக்கிய பணம் புதிய பற்றரிக்குப் போய்விடும். இல்லையேல் வாடகை உழவு இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பருவம் தவறிவிடும்.

இப்படி நேராமல் காக்கவென்று 'பராமரிப்புச் சார்ஜர்' என்றொரு கருவி கடைகளில் கிடைக்கிறது. அதை எப்படித் தெரிவு செய்வது என்பதே இந்தப் பாடம். கைபிடி சுற்றி இயக்கும் லாண்ட்மாஸ்ரரும் கயிறு இழுத்து இயக்கும் மண்ணெண்ணெய்ப் பம்பும் மட்டுமே வைத்திருப்போர் இதைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பற்றரி ஏன் சாகிறது?

12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றினுள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகளும் நீர் கலந்த சல்பூரிக் அமிலமும் இருக்கும். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே அமைத்துக் காட்டிய முறைதான் அடிப்படையில் இன்றும் உள்ளது. மின் வெளியேறும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேற்று படிகிறது. தாமதமின்றி மின்னேற்றினால் அது மறைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் தடித்த பளிங்குகளாக இறுகிப் போகும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அது மசியாது. ஓடாமல் நிற்கும் பற்றரிகளிற் பல இப்படித்தான் சாகின்றன.

எதையும் இணைக்காமல் வைத்தாலும் பற்றரி தானாக இறங்கும். நல்ல நிலையில் உள்ளது மாதத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 10 வீதம் வரை இழக்கலாம். பழையதாயின் இதைவிடக் கூடுதலாக இழக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். தகரக் கொட்டிலுக்குள் நிற்கும் இயந்திரத்தின் நிலையை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

பற்றரியில் எவ்வளவு மின் இருக்கிறது என்பதை அறிய வோல்ற்றளவு காட்டும் ஒரு மீற்றர் போதும். ஓட்டத்திலிருந்தோ சார்ஜரிலிருந்தோ கழற்றிச் சில மணி நேரம் ஓய விட்ட பின்னர் பார்க்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைவு. 12.4 முக்கால்வாசி. 12.2 அரைவாசி. 12.0 கால்வாசி. 'பன்னிரண்டு காட்டுகிறதுதானே, நல்ல பற்றரி' என்று சொல்வோரை நாம் அடிக்கடி காண்கிறோம். உண்மையில் அது பசியால் வாடும் பற்றரி. 12.4க்குக் கீழே இறங்கவிடாமல் பார்ப்பதே எமது நோக்கமாக இருக்க வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மின்சாரம் இல்லாத கொட்டிலில் வாழ்பவர்கள் உழவு இயந்திரப் பற்றரியிலிருந்தே விளக்கு எரிக்கிறார்கள், தொலைபேசிக்கு மின்னேற்றுகிறார்கள். தடைக்காலமாகிய 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்களுக்கு இது பெரிய விடயமல்ல. நாமும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு 5 வாற்று விளக்குகள் இரவில் ஐந்து மணி நேரம் எரிந்தால் சுமார் 4 அம்பியர் மணி செலவாகும். பத்து இரவில் 40. உங்கள் பற்றரி 70 அம்பியர் மணி கொண்டதாயின் அரைவாசிக்கு மேல் போய்விட்டது. இயந்திரத்தை உதைத்துக் கிளப்பவென்று செய்த பற்றரியின் தகடுகள் மெல்லியவை; ஆழமாக இறங்கி ஏறுவதை அவை நெடுநாள் தாங்கமாட்டா. விளக்குக்குத் தனியாக ஒரு சிறு பற்றரி வைத்திருப்பதே மலிவு.

பணம் செலவழிக்க முன்

இயந்திரத்தை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்களாயின் பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றி விடுங்கள். கழற்றும்போது மறைமுனை முதலில். பூட்டும்போது அது கடைசியில். இந்த ஒழுங்கில் செய்தால் ஸ்பனர் தவறி இரும்பில் முட்டினாலும் தீப்பொறி பறக்காது. முனைகளில் பூத்த வெண்பச்சைத் தூளைச் சோடா மா கரைத்த நீரால் கழுவுங்கள். அந்த நீர் அறைகளுக்குள் போகக் கூடாது. மூடி திறக்கும் பற்றரியாயின் தகடுகளுக்கு மேல் நீர் நிற்கிறதா எனப் பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விட வேண்டும். கிணற்று நீர் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இக்காலப் பிளாஸ்ரிக் பெட்டிப் பற்றரிகளுக்கு அது பொருந்தாது. பலகை போட்டு வைத்தால் தீமையில்லை, அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பாரும் உண்டு. கிளப்புவதற்கு எடுத்த மின்னையே அந்த ஐந்து நிமிடம் சரியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. டீசலும் வீணாகிறது. 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி

கடையில் மூன்று வகைச் சார்ஜர்கள் ஒரே மாதிரித் தோற்றத்தில் இருக்கும். முதலாவது கராச்சில் காணும் சாதாரண சார்ஜர். பற்றரி நிறைந்தாலும் அது நிறுத்தாது. 15, 16 வோல்ற்று வரை ஏற்றிக்கொண்டே போகும். இறங்கிய பற்றரியை ஏற்ற உதவும், ஆனால் காவலின்றி விட்டால் நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும். இரண்டாவது, சிறிதளவு மின்னை ஓயாது செலுத்திக் கொண்டிருப்பது. இது மெதுவாகக் கெடுக்கும் என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை. மூன்றாவதே நாம் தேடுவது. அது பற்றரியை நிறைத்த பின் தன் வோல்ற்றளவைத் தானே குறைத்து, இழப்பை ஈடுசெய்யும் அளவு மட்டும் கொடுத்து நிற்கும்.

பெட்டியில் 'ஓட்டோமற்றிக்', 'ஸ்மார்ட்' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்க வேண்டாம். விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பற்றரி நிறைஞ்ச பிறகு இது எத்தனை வோல்ற்றில நிற்கும்?" 13.2க்கும் 13.8க்கும் இடையில் என்று அவர் சொன்னால், அல்லது பெட்டியோடு வரும் தாளில் அப்படி இருந்தால், மேலே பேசலாம். எமது நாட்டு வெப்பத்துக்கு 13.4 அளவு நல்லது. சூடு கூடக் கூட இந்த அளவு குறைய வேண்டும். 10 பாகைக்கு ஏறத்தாழ 0.2 வோல்ற்று என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பத்தை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் எடுக்கலாம்.

வாங்கிய பின் நீங்களே சோதியுங்கள். நிறைந்த பற்றரியில் பூட்டி ஒரு நாள் விட்டு, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீற்றரைப் பற்றரி முனைகளில் வையுங்கள். ஒரு நாளுக்குப் பின்னும் 14.4க்கு மேல் காட்டினால் அது பராமரிப்புச் சார்ஜர் அல்ல, திருப்பிக் கொடுங்கள். பற்றரி இல்லாமல் வெறும் கிளிப்புகளில் மீற்றரை வைத்துப் பார்ப்பது பயன்தராது. பல சார்ஜர்கள் பற்றரியை உணர்ந்த பின்னரே மின் கொடுக்கும்.

அம்பியர் கூடினால் நல்லது என்ற எண்ணம் இங்கே தவறு. பராமரிப்புக்கு 1 அம்பியர் தாராளம். உழவு இயந்திரத்துக்கும் போதும். 5 அம்பியர் மணி கொண்ட மோட்டார் சைக்கிள் பற்றரிக்கு அரை அம்பியர் அளவே உகந்தது. ஆனால் 1 அம்பியர்ச் சார்ஜரால் வெறுமையான 100 அம்பியர் மணிப் பற்றரியை நிறைக்க நான்கைந்து நாள் பிடிக்கும் என்பதையும் அறிந்திருங்கள். அதற்கு முதலில் கராச்சுக்குப் போவதே வழி. மேலும், பற்றரி மிகவும் இறங்கியிருந்தால் இந்த நவீன சார்ஜர்கள் அதைப் பற்றரி என்றே அடையாளம் காணாமல் பேசாதிருக்கும். சார்ஜர் பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் 6 வோல்ற்றுப் பற்றரி. லொறிகளில் இரண்டைத் தொடுத்து 24 வோல்ற்று. உங்களுடையது எது என்று பார்த்து அதற்கேற்ற சார்ஜரையே வாங்க வேண்டும். லிதியம் பற்றரிகளுக்கு ஈயப் பற்றரிச் சார்ஜரைப் பூட்டக் கூடாது. செத்த பற்றரியை உயிர்ப்பிப்பதாகச் சொல்லும் தூள்களையும் பெட்டிகளையும் பற்றி எமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

மின்சாரம் இல்லாத இடத்தில்

சிறிய சோலர் பனல் ஒன்று இந்த வேலையை நன்றாகச் செய்யும். 5 வாற்றுப் பனல் நல்ல வெயிலில் சுமார் 0.3 அம்பியர் தரும். நாளுக்கு ஐந்து மணி வெயில் என்றால் 1.5 அம்பியர் மணி. 70 அம்பியர் மணிப் பற்றரி தானாக இழப்பது நாளுக்குக் கால் அம்பியர் மணி அளவே. ஆகவே 5 வாற்றே போதும்; 50 வாற்றை வாங்கத் தேவையில்லை. பெரிய பனலையும், மோட்டார் சைக்கிள் பற்றரிக்கு எந்தப் பனலையும், கட்டுப்படுத்தி இல்லாமல் நேரே பூட்டக் கூடாது. '12 வோல்ற்று' என்று சொல்லப்படும் பனல் வெயிலில் 18 முதல் 22 வோல்ற்று வரை காட்டும். கட்டுப்படுத்தி பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். கட்டுப்படுத்தி இல்லாத சிறு பனலாயின், இரவில் மின் திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோட் அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

பனலைத் தெற்கு நோக்கிச் சற்றே சரித்து வையுங்கள். ஒரு பனையோலையின் நிழல் விழுந்தாலும் மின் வெகுவாகக் குறையும். இரவில் கழற்றி உள்ளே எடுப்பது நல்லது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே.

வைக்கும் இடம்

ஒரே அறையில் சமைத்து, படுத்து, பிள்ளைகள் படிக்கும் குடும்பங்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். அடுப்பும் குப்பி விளக்கும் உள்ள கூடாரத்துக்குள் பற்றரியை ஏற்றக் கூடாது. வெளியே, மழை படாத காற்றோட்டமான தாழ்வாரத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சார்ஜரை நிறுத்தி வைத்துக்கொண்டே கிளிப்புகளைப் பூட்டுங்கள், கழற்றுங்கள். நேர்முனை வயரில் பற்றரிக்கு அருகே 5 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கட்டும். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவ வேண்டும். கண்ணாயின் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒன்றைப் பலர் பாவிக்கலாம்

மேலே சொன்ன கணக்கை மீண்டும் பார்த்தால் ஒரு நன்மை தெரியும். வயர் கழற்றிய நிறைந்த பற்றரி ஒரு மாதத்தில் பத்தில் ஒரு பங்கையே இழக்கிறது. அதை ஈடுசெய்ய மாதத்தில் ஓரிரு நாள் சார்ஜரில் இருந்தால் போதும். எனவே வீட்டுக்கு ஒரு சார்ஜர் தேவையில்லை. கமக்கார அமைப்பிலோ பங்கு மண்டபத்திலோ ஒன்றை வைத்து எட்டுப் பத்துக் குடும்பங்கள் முறை வைத்துப் பாவிக்கலாம். பற்றரியின் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயரையும், ஒரு கொப்பியில் திகதியையும் வோல்ற்றளவையும் எழுதி வையுங்கள். மூன்று மாத எண்களை வரிசையாகப் பார்த்தால் எந்தப் பற்றரி தளர்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆவணி கடைசியில் ஒரு சோதனை செய்ய வேண்டும். பற்றரியை நிறைத்து, ஒரு நாள் ஓய விட்டு, இயந்திரத்தில் பூட்டுங்கள். ஒருவர் திறப்பைத் திருப்ப மற்றவர் மீற்றரைப் பார்க்கட்டும். இயந்திரம் சுழலும் வேளையில் 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழாவிட்டால் பெரும்போகத்துக்கு அதை நம்பலாம். விழுந்தால், முனைகளையும் வயர்களையும் சுத்தம் செய்து மீண்டும் பாருங்கள். அப்போதும் விழுந்தால் பற்றரி முடிந்துவிட்டது. பழையதைக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்கு ஒரு தொகை கழிப்பார்கள்; அமிலத்தை வளவில் ஊற்றிவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம், கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது. மிகுதிப் பணத்தைத் தேட மழைக்கு முன் இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கும்.