கல் இங்கே நிற்கும், மரம் நம்மோடு வரும்

கமத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு உணவும் உறைவிடமும் முதல் தேவைகள். அடுத்தது, வேலை செய்ய ஓர் இடம். தகரக் கொட்டிலின் மதிய வெக்கையில் பெட்டி இழைக்கும் தாய்க்குக் கையும் ஓடாது, மனமும் அடங்காது. தாழ்வுபாடு போன்ற மணற்கரைக் கிராமத்தில் கல்லாலும் மரத்தாலும் அமைதியான ஒரு கைப்பணிக்கூடத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதே இப்பாடம்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1960களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, நல்லாயன் கன்னியருக்காகப் பண்டாரவளையில் கற்சுவர்ச் சிற்றாலயம் ஒன்றையும், ஹங்வெல்லையில் பெண்பிள்ளைகளுக்குக் கமத்தொழில் பழக்கும் பண்ணைப் பாடசாலை ஒன்றையும் வடிவமைத்தார். அதே காலத்தில் பாபரா சன்சோனி அக்கன்னியரோடு இணைந்து பெண்பிள்ளைகளுக்குக் கைத்தறி நெசவைப் பழக்கினார். அழகும் அமைதியும் வசதி படைத்தோருக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை இவை காட்டுகின்றன.

1. நிலம்: இடம் தரும் ஊரவரோடு முதலில் எழுத்தில் உடன்பாடு செய்வோம். நாம் ஊர் திரும்பும்போது மரப்பகுதி நமக்கு; கல்லடி, நன்றிக்கடனாக அவர்களுக்கு.

2. திசை: கூடம் கிழக்கு மேற்காக நீளட்டும். காலை, மாலை வெயில் பெரும்பாலும் குறுகிய பக்கங்களில் விழும். ஓலை இழைப்போர் வடக்குப் பக்கம் இருந்தால் கண் கூசாத வெளிச்சம் கிடைக்கும்.

3. கல்: மன்னார்த் தீவு மணல் நிலம். முருகைக்கல் தோண்டுவது சட்டப்படி குற்றம். முருகைக்கற் பாறைகளே கரையை அலையிலிருந்து காக்கின்றன. எனவே பெருநிலத்திலிருந்து கருங்கல் எடுப்போம். 2½ அடி உயர அரைச்சுவர் போதும். சோளகக்காற்று மணலை வாரிவரும் தென்மேற்கில் மட்டும் தலையளவு உயர்த்துவோம். சாந்துக்குக் கடல்மணல் வேண்டாம். அதன் உப்புப் பூத்துச் சுவரை உதிர்க்கும்.

4. மரம்: வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையே தூணுக்கும் வளைக்கும் ஏற்றது. தறிக்குமுன் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுக. கறையான் ஏறாதபடி தூண்களைக் கல்லின்மேல் நிறுத்துக. ஆணி அடித்து இறுக்காமல் போல்ட்டு நட்டுப் பூட்டி, ஒவ்வொரு மரத்திலும் உளியால் இலக்கம் வெட்டுக. கழற்றி லொறியில் ஏற்றி, சொந்த ஊரில் மீண்டும் பூட்டலாம். கூரையைப் பனையோலையால் வேயலாம்.

5. அமைதி: ஓசைமிக்க தச்சுவேலையை ஒரு கோடியில் தள்ளி வைப்போம். மறுகோடியில் ஒரு கற்குந்து மட்டும் இருக்கட்டும். எச்சமயத்தவரும் அதில் சற்று அமர்ந்து மனம் ஆறலாம். நாசரேத்தூரில் தச்சராக உழைத்த நம் ஆண்டவருக்கு உழைப்பும் செபமும் வேறுவேறாக இருக்கவில்லை.

இக்கூடத்தைக் கட்டுவதால் ஊர் திரும்பும் நம்பிக்கையை நாம் கைவிடுவதில்லை. திரும்பும் நாளுக்கான முதல் வளையையும் தூணையும் இங்கேயே செதுக்கத் தொடங்குகிறோம்.

கலந்துரையாடுவோம்:
அ. நம்மிடையே யாருக்கு என்ன கைவேலை தெரியும்?
ஆ. இடம் தரும் ஊரவருக்கு இக்கூடம் இன்றே எவ்வாறு பயன்படலாம்?
இ. திரும்பிச் சென்றதும் இம்மரங்களை எங்கே நிறுத்துவோம்?