காலும் அரைக்காலும்

முழு எண்களைத் தடையின்றிக் கூட்டவும் கழிக்கவும் கற்ற சிறுவர்களுள் பலர், பின்னக் கணக்கு வந்ததும் தயங்கி நிற்கின்றனர். 1/4 பெரிதோ, 1/8 பெரிதோ என வினவினால், 1/8 பெரிது என்கின்றனர். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி, 2/5 என எழுதுகின்றனர். இது கண்டு, "உனக்குக் கணக்கு வாராது" என்று கடிந்துரைப்பவர் உண்டு. அச்சொல் கொடிது. அது பிழையைத் திருத்துவதில்லை; பிள்ளையின் துணிவையே மாய்த்துவிடுகின்றது.

இப்பிழை அறிவின்மையால் பிறப்பதன்று. நான்கினும் எட்டுப் பெரிது என்பது முழு எண்ணில் மெய்யே. தான் அறிந்த அம்மெய்யையே பிள்ளை புதிய இடத்திற்கும் எடுத்துச் செல்கின்றது. ஆதலின், விதியைச் சொல்லுமுன் பொருளைக் கையில் கொடுத்தல் வேண்டும்.

நீண்ட தாள் ஒன்றைச் சரிபாதியாக மடித்தால் ஒவ்வொரு பங்கும் அரை. மீண்டும் மடித்தால் கால். மூன்றாம் முறையும் மடித்து விரித்தால் எட்டுப் பங்குகள் தோன்றும், ஒவ்வொன்றும் அரைக்கால். பங்குகள் பெருகப் பெருக, ஒரு பங்கின் அளவு சிறுகுவதைக் கண்ணே காட்டிவிடும்.

நம் மொழியும் இதற்குத் துணை செய்கின்றது. அரைக்கால் என்பது காலில் அரை. ஆகவே, அது காலினும் சிறிது எனப் பெயரே உணர்த்துகின்றது. முக்கால் என்பது மூன்று கால். கால் என்பது பங்கின் அளவு; மூன்று என்பது எடுத்த பங்குகளின் எண்ணிக்கை. பின்னத்தின் கீழெண்ணாகிய பகுதியும், மேலெண்ணாகிய தொகுதியும் தெரிவிப்பன இவையே.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்கு முன்னர், ஒரு ரூபாய்க்கு 16 அணா வழங்கியது. எட்டணா அரை ரூபாய். நாலணா கால் ரூபாய். இரண்டணா அரைக்கால் ரூபாய். கடைக்குச் சென்றுவந்த சிறுவன், ஏட்டைத் திறக்குமுன்பே பின்னத்தைக் கையால் அறிந்திருந்தான். அந்நாணயங்கள் இன்று வழக்கில் இல்லை. ஆகவே, தாளும் பழமும் அப்பணியைச் செய்தல் வேண்டும்.

இனி, கூட்டலைக் காண்போம். ஐந்தில் பாதி இரண்டரை. எனவே, 2/5 என்பது அரையினும் குறைவு. அரையோடு மேலும் ஒரு பங்கைச் சேர்க்க, அது அரையினும் குறைதல் உண்டோ? இவ்வினாவைக் கேட்டால், பிள்ளை தன் பிழையைத் தானே உணரும். பின்னர், தாளை ஆறு சம பங்குகளாக மடிக்கலாம். அதில் அரை என்பது மூன்று பங்கு. மூன்றில் ஒன்று என்பது இரண்டு பங்கு. இரண்டும் சேர்ந்து 5/6 ஆகும். பங்குகள் ஒரே அளவினவாக இருந்தாலன்றி அவற்றைச் சேர்த்து எண்ணுதல் இயலாது என்பது இதனால் விளங்கும்.

பிற பாடங்களில் கூர்மையுடையவராய் இருந்தும், எண்களில் மட்டும் இடர்ப்படும் குழந்தைகள் உளர். அவர்களுக்குத் தாளும் படமும் நெடுநாள் தேவைப்படலாம். அவற்றை விரைந்து பறித்தல் ஆகாது.

மாணவர்களே! பின்னத்தில் தடுமாறும் தோழனைக் கண்டு நகையாதீர்கள். ஒரு தாளை அவன் கையில் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் கூறாமல், அவன் கூறும்வரை பொறுத்திருங்கள். தானே கண்ட உண்மையை எவரும் எளிதில் மறப்பதில்லை.