கடல் கடந்த கல்வி: பணக் கணக்கும் அமானிதமும்

கல்வியைத் தேடிக் கடல் கடப்பது முஸ்லிம்களுக்குப் புதிய காரியமல்ல. பக்தாதுக்கும் கெய்ரோவுக்கும் நம் முன்னோர் சென்றனர். அக்காலத்தில் மாணவனிடம் பாங்குக் கணக்கை எவரும் கேட்டதில்லை, இக்காலத்தில் கேட்கிறார்கள். பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப எண்ணும் நம் குடும்பங்கள், இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அறியாமல் தடுமாறுவதைக் காண்கிறோம். ஆகவே இவ்விதழில் அதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. எவ்வளவு பணம் வேண்டும்?

மாணவர் விசா கேட்பவரிடம் இரண்டு தொகைகள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஷரத்து. முதலாவது, முதல் வருடப் படிப்புக் கட்டணத்தில் இன்னும் செலுத்தாத பாக்கி. இரண்டாவது, வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் அமலுக்கு வந்த கணக்கின்படி, லண்டனில் படிப்பவருக்கு மாதம் 1,529 பவுண்டு. லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு மாதம் 1,171 பவுண்டு. அதிகபட்சமாக 9 மாதத்திற்குக் காட்டினால் போதும். எனவே லண்டனுக்கு 13,761 பவுண்டு, பிற ஊர்களுக்கு 10,539 பவுண்டு.

இத்தொகை நிலையானதல்ல. 2025 ஜனவரி 2க்கு முன் லண்டனுக்கு மாதம் 1,334 பவுண்டாக இருந்தது. அன்று 1,483 ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் ஏறிற்று. ஆகவே சென்ற வருடம் போன பிள்ளையின் கணக்கை வைத்து இவ்வருடம் போகும் பிள்ளைக்குத் திட்டமிடலாகாது. விண்ணப்பிக்கும் காலத்தில் அரசாங்க அறிவிப்பைப் பார்த்தே பணம் திரட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மான்செஸ்டரில் ஒரு வருட மேற்படிப்புக்குக் கட்டணம் 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 4,000 செலுத்தியாகிவிட்டது, செலுத்திய விபரம் பல்கலைக்கழகம் கொடுக்கும் 'காஸ்' எனப்படும் சேர்க்கைச் சான்றில் பதிவாகியிருக்கிறது. பாக்கி 14,000. அதனுடன் 10,539 சேர்ந்தால் 24,539 பவுண்டு. இதுவே காட்ட வேண்டிய தொகை.

விசாக் கட்டணமும் சுகாதார வரியும் இதில் அடங்கா. சுகாதார வரி மாணவருக்கு வருடத்திற்கு 776 பவுண்டு என 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. ஒரு வருடப் படிப்புக்கு விசா காலம் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைப்பதால், பெரும்பாலும் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு ஆகிவிடும். இதனைத் தனியே ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

2. எந்தப் பணம் செல்லும்?

மாணவரின் சொந்தக் கணக்கில் உள்ள பணமும், வாப்பா, உம்மா அல்லது சட்டப்படியான காப்பாளரின் கணக்கில் உள்ள பணமும் செல்லும். பெற்றோர் பணமாயின் பிறப்புச் சான்றிதழும், இப்பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கு உபயோகிக்கச் சம்மதிக்கிறோம் என்ற கடிதமும் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் 'முகமது' என்றும், அடையாள அட்டையில் 'முகம்மது' என்றும், பாஸ்போர்ட்டில் வேறொரு விதமாகவும் எழுத்து அமைந்திருப்பது நம் சமூகத்தில் சர்வ சாதாரணம். அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சரிபார்த்து, தக்க விளக்கமும் அத்தாட்சியும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

மாமுவின் கணக்கும் காக்காவின் கணக்கும் செல்லா. அவர்கள் உதவ விரும்பினால், பணத்தை மாணவரின் அல்லது பெற்றோரின் கணக்குக்கு உண்மையிலேயே மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். கடையின் கம்பெனிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும், அது வாப்பாவின் சொந்தக் கணக்கு ஆகாது. வீடு, நகை, பங்குகள், சேமநிதியில் முடங்கிக் கிடக்கும் தொகை ஆகியவையும் செல்லா. கேட்ட மாத்திரத்தில் எடுக்கக்கூடிய ரொக்கமே கணக்கில் சேரும். அங்கு போய் வேலை செய்து சம்பாதிக்கப் போவதையும் காட்ட முடியாது. பட்டப் படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமே வேலை செய்ய அனுமதி உண்டு. அதை நம்பிக் குறைந்த பணத்துடன் பிள்ளையை அனுப்புவது அவன் படிப்புக்கே தீங்காக முடியும்.

3. இருபத்தெட்டு நாள்

முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பம் செய்யும் தேதிக்கு முந்திய 31 நாட்களுக்குள் அமைய வேண்டும். ஆகஸ்டு 10 அன்று விண்ணப்பம் என்றால், ஜூலை 4 முதல் 31 வரை பணம் இருந்தது என்று காட்டுவது சரியாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சராசரி இருப்பை அவர்கள் பார்ப்பதில்லை. மிகக் குறைந்த இருப்பையே பார்க்கிறார்கள். 27 நாள் பணம் இருந்து, ஒரே ஒரு நாள் கடைச் சரக்குக்காக எடுத்து மறுநாள் போட்டாலும், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நம் வெள்ளிக் கணக்கைப் பவுண்டுக்கு மாற்றிப் பார்ப்பதும் விண்ணப்பத் தேதியின் மாற்று விகிதப்படியே. விகிதம் இறங்கினால் தொகை குறைந்துவிடும். ஆதலால் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்க வேண்டும்.

4. கேட்காவிட்டால் வேண்டாமா?

மலேசிய, சிங்கப்பூர் குடிமக்களுக்குப் பிரிட்டிஷ் விதிகளில் ஒரு சலுகை உண்டு. விண்ணப்பத்துடன் பாங்குப் பத்திரங்களை அனுப்ப வேண்டியதில்லை. இதனைச் சிலர், பணமே வேண்டியதில்லை என்று பொருள் கொள்கிறார்கள். அது தவறு. பணம் இருந்தே தீர வேண்டும். அதிகாரிகள் எப்போது கேட்டாலும் பத்திரத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விசா மறுக்கப்படும்.

இச்சலுகை குடியுரிமையைப் பொறுத்தது. இங்கே நிரந்தரவாசியாக இருந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது கிடையாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு விதி, தம்பிக்கு ஒரு விதி என்று அமையலாம் என்பதை அத்தகைய குடும்பங்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

சலுகை பெற்றவரோ, "பணம் இருக்கிறது" என்று வாக்குக் கொடுத்தே விண்ணப்பிக்கிறார். எவரும் சோதிக்காத இடத்தில்தான் வாக்கின் உண்மை சோதிக்கப்படுகிறது. இது அமானிதம்.

5. இரவல் பணம்

இப்பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். நாலு பேரிடம் பணம் வாங்கி, 28 நாள் கணக்கில் போட்டுவைத்து, 29ஆம் நாள் திருப்பிக் கொடுத்துவிடும் வழக்கம் பல சமூகங்களில் இருக்கிறது. "எல்லாரும் செய்வதுதானே" என்பது இதற்குச் சொல்லும் சமாதானம்.

எல்லாரும் செய்வதால் பொய் மெய்யாகிவிடாது. அப்பணம் படிப்புக்கு உரியது என்று எழுதிக் கையொப்பமிட்டு, அது படிப்புக்கு அன்று என்று மனத்தில் நிய்யத்து வைத்தால், சொல்லும் நிய்யத்தும் வேறுபடுகின்றன. உலகக் கணக்கிலும் இது நஷ்டமே. மோசடி என்று தீர்ப்பானால் பத்து வருடம் வரை அந்நாட்டு விசா மறுக்கப்படலாம். தப்பித்துப் போனாலோ, கணக்கில் காட்டிய பணம் கையில் இல்லை. இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் அந்நிய தேசத்தில் அலையப் போவது யார்? நம் பிள்ளைதான். அரசாங்கம் வைத்த நிபந்தனை நமக்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். ஆயினும் அது, பிள்ளையை அனுப்புமுன் எந்தத் தகப்பனும் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

6. உதவியும் கடனும்

உறவினர் பணம் கொடுத்தால், அது ஹதியாவா, கடனா என்பதை அன்றே தீர்த்துக்கொள்ள வேண்டும். கடனாயின் தொகையையும் தவணையையும் எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். கடனை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் ஆயத்து பணிக்கிறது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து அதுதான். சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்பது மரியாதையல்ல என்று நாம் கூசுகிறோம். எழுதாத கடன்தான் பிற்காலத்தில் அண்ணன் தம்பியைப் பிரிக்கிறது. படிப்பு முடியும்வரை திருப்பிக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டு, வட்டியின்றிக் கொடுக்கப்படும் கர்ளன் ஹஸனாவோ உண்மையான உதவி. அது மாணவரின் அல்லது பெற்றோரின் கணக்கில் நிலையாக இருக்கும், வாக்கும் பொய்யாகாது.

பணம் போதாவிட்டால் ஒரு வருடம் பொறுத்துச் சேர்ப்பதில் இழிவில்லை. லண்டனை விட்டு வேறு ஊரைத் தேர்ந்தால் வாழ்க்கைச் செலவுக் கணக்கில் மட்டும் 3,222 பவுண்டு குறையும். உள்நாட்டிலேயே தங்கி அந்நியப் பல்கலைக்கழகப் பட்டம் பெறும் வழிகளும் இருக்கின்றன. உபகாரச் சம்பளத்துக்கு ஒரு வருடம் முந்தியே விண்ணப்பிப்பது நலம்.

பெற்றோரே! பிள்ளை ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே அவன் பேரில் ஒரு கணக்கைத் தொடங்குங்கள். மாதந்தோறும் சிறுகச் சிறுகப் போடுங்கள். சேர்ந்த பணம் ஹலாலானது, சொன்ன சொல் உண்மையானது என்ற நிம்மதியோடு பிள்ளையை வழியனுப்பும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.