வெள்ளத்தில் போன சரக்குக்கு யார் பொறுப்பு?

மழை எப்போது வரும் என்பதை நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை என்று மாதக் கணக்கில் வைத்திருந்தார்கள். தீபாவளிச் சரக்கு விற்று முடிந்து, பொங்கல் சரக்கு வந்து இறங்கும் காலமும் அதுவேதான். ஆகவே வடகிழக்குப் பருவமழையும் நமது கிடங்கு நிறைந்திருக்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. மழையின் போக்கு மாறிவரும் இந்நாளில், வணிகர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே பார்ப்போம்.

2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயல்பட்டினத்தில் அந்த ஒரே நாளில் பெய்தது, அப்பகுதியின் ஓராண்டு மழையைக் காட்டிலும் அதிகம். தாமிரபரணிக் கரை ஊர்களில் கடைகளுக்குள் புகுந்த தண்ணீர் வடிய நாட்கள் ஆயின.

தண்ணீர் வடிவதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது. வானிலை ஆய்வு மையம் சொன்னதைவிடப் பல மடங்கு மழை பெய்துவிட்டது என்றது மாநில அரசு. 12ஆம் தேதியே முன்னறிவிப்பு தரப்பட்டது என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் இரு தரப்பும் பேசாத ஒரு விஷயம் நமக்கு முக்கியமானது. அது அளவுகோல் பற்றியது.

வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21 செ.மீ. தொட்டால் அதி கனமழை. அதற்கு மேல் வேறு பெயர் கிடையாது. 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் ஒரே சொல்தான். நமது அளவையில் சொன்னால், 21 கிலோவுக்கு மேல் எடைக்கல்லே இல்லாத தராசு அது! "அதி கனமழை" என்று வானொலியில் கேட்டால் கீழ்த்தட்டுச் சரக்கை மட்டும் மேலே ஏற்றினால் போதுமா, கிடங்கையே காலி செய்ய வேண்டுமா என்று அந்தச் சொல்லைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இத்தகைய மழை இனிக் குறையுமா என்றால், அறிவியலார் இல்லை என்கிறார்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பூமி ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடேறிவிட்டது.

சரி, அரசு நிவாரணம் வருமே என்று நாம் எண்ணலாம். பேரிடர் நிவாரண நிதி விதிகளில் பயிருக்கு உண்டு, கால்நடைக்கு உண்டு, படகுக்கு உண்டு, வீட்டுக்கு உண்டு. கடையில் நனைந்து போன சரக்குக்கு என்று தனித் தலைப்பு இல்லை. 2023 வெள்ளத்துக்குப் பின் மாநில அரசு வழங்கிய 6,000 ரூபாய் குடும்ப அட்டைக்கு, கடைக்கு அன்று. சிறு வணிகருக்குக் குறைந்த வட்டிக் கடன் அறிவிக்கப்பட்டது, நல்லதுதான். ஆனால் கடன் என்பது பற்று எழுதிவைக்க வேண்டிய தொகை என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது இன்ஷூரன்ஸ். "பாங்கில் கடன் வாங்கும்போதே பாலிசி போட்டுவிட்டார்கள்" என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பாலிசியை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். முதலில் முகவரி. கடை முகவரி மட்டும் இருந்து, சரக்கு பின்தெருக் கிடங்கில் நனைந்தால் பணம் கிடைக்காது. அடுத்து, புயல், வெள்ளம் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக அவற்றை நீக்கி எழுதிய தீ விபத்துப் பாலிசிகளும் உண்டு.

மூன்றாவது, தொகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 20 லட்ச ரூபாய் சரக்கு. பாலிசி 10 லட்சத்துக்கு. வெள்ளத்தில் 6 லட்சம் நஷ்டம். பாலிசித் தொகைக்குள் அடங்குகிறதே, 6 லட்சமும் வரும் என்று நினைப்போம். வருவது 3 லட்சம். பாதிக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதிதான் என்பது கம்பெனியின் கணக்கு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" பாலிசியில், ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு, 15 சதவீதம் வரையிலான குறைவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. பாதி குறைந்தால் அதிலும் வெட்டு விழும். பண்டிகைக் கால இருப்பை வைத்துத் தொகையை நிர்ணயிக்க வேண்டுமே தவிர, ஆடி மாத இருப்பை வைத்து அல்ல.

இனி வருவதுதான் நம் வயிற்றெரிச்சல். ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி, அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. 5 லட்ச ரூபாய்க்கு மின்விசிறியும் ஒயரும் வாங்கி, 18 சதவீதம் வரியாக 90,000 ரூபாய் கொடுத்து, அதை வரவு எடுத்திருக்கிறோம். வெள்ளம் அனைத்தையும் பாழாக்கியது. சரக்கும் போயிற்று, அந்த 90,000 ரூபாயையும் திருப்பிக் கட்ட வேண்டும். திருடு போனதற்கும், இலவச மாதிரியாகக் கொடுத்ததற்கும், ஆறு அடித்துச் சென்றதற்கும் ஒரே விதி! பேரிடர் பகுதி என்று அரசே அறிவிக்கும் இடங்களிலாவது இதற்கு விலக்கு தர வேண்டும் என்று ஜி.எஸ்.டி. கவுன்சிலிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. நிவாரணமாக நமக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். வராத லாபத்துக்கு வரியைத் திரும்பக் கேட்காமல் இருந்தாலே போதும்.

அதுவரை, திருப்பிக் கட்டும் வரியும் நமது நஷ்டத்தின் ஒரு பகுதியே. பாலிசித் தொகை வரி சேர்த்தா, வரி நீங்கலாகவா என்பதைப் புதுப்பிக்கும்போதே ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்குமுன் நனைந்த மூட்டைகளைக் குப்பையில் போட வேண்டாம். போட்டோ எடுத்து வையுங்கள். கொள்முதல் பில்களும் இருப்புப் பட்டியலும் கல்லாவுக்கு அடியிலேயே இருந்தால் அவையும் சரக்கோடு போய்விடும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நகலை வெளியூரில் உள்ள ஆடிட்டரிடமோ சம்பந்தி வீட்டிலோ சேர்த்துவிடுங்கள்.