கப்பலின் பின்பக்கத்தில் எழுதிய ஊர்

கடலே இல்லாத ஊர் திருவண்ணாமலை. பக்கத்துப் புதுச்சேரிக் கடற்கரைக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக வேண்டும். இருந்தும் கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் இன்று உள்மாவட்டங்களிலும் இருக்கின்றன. மகன் அனுப்பும் படத்தில் கப்பலின் பின்பக்கத்தில் அதன் பெயரும், அதற்குக் கீழே ஓர் ஊரும் எழுதியிருக்கும்: மன்ரோவியா, மஜுரோ, பனாமா. அந்த ஊர்ப் பெயரைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. சிலவற்றால் பாதகமில்லை. சில, பிள்ளை கடலில் இருக்கும் வீட்டைத் தவிக்கவிடக் கூடியவை.

நம்பிக்கை: அது கப்பலைக் கட்டிய ஊர், இல்லாவிட்டால் அது அடிக்கடி போய்வரும் ஊர்.

இரண்டும் இல்லை. கப்பல் எந்த ஊர்ப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மன்ரோவியா என்று எழுதிய கப்பல் ஆயுள் முழுக்க லைபீரியக் கரையைப் பார்க்காமலே இருந்துவிடலாம். கப்பல் கைமாறினால் பெயரும் மாறலாம், ஊரும் மாறலாம். இலங்கையின் வல்வெட்டித்துறை ஓடாவிகள் (கப்பல் தச்சர்கள்) கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1938-இல் அது மாசசூசெட்ஸின் குளூஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றபோது, அதைக் கட்டிய ஊரின் சுவடே புதுப் பெயரில் இல்லை.

நம்பிக்கை: பனாமா கப்பல் என்றால் முதலாளி பனாமாக்காரர்.

பௌர்ணமியன்று ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். டி.என். 25 என்றால் நம் மாவட்ட வண்டி. நடுவே பி.ஒய். 01 என்று தொடங்கும் கார்களும் நிற்கும். சாலை வரி குறைவு என்பதால் புதுச்சேரியில் பதிந்துவிட்டுத் தமிழ்நாட்டில் ஓட்டுபவர்கள் இருப்பது ஊரறிந்த செய்தி. கப்பல் முதலாளிகளும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் கப்பல் விஷயத்தில் வரியோடு நிற்பதில்லை: யாரை வேலைக்கு எடுக்கலாம், என்ன சம்பளம், யார் சோதனை போடுவது எல்லாமே பதிந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது.

இப்படி வேறு நாட்டுக் கொடியில் கப்பலைப் பதியும் வழக்கத்தின் தொடக்கக் கதைகளில் ஒன்று மதுவிலக்கு. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த 1922-இல், பயணிகளுக்கு மது பரிமாறுவதற்காக ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாறின. 1948-இல் லைபீரியாவின் பதிவேட்டை அமைத்தவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ். அந்தப் பதிவேட்டின் நிர்வாகம் இன்றும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்துதான் நடக்கிறது. மார்ஷல் தீவுகளுடையதும் அப்படியே. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் என்ற இந்த மூன்றும்தான் சரக்குக் கொள்ளளவில் உலகின் முதல் மூன்று கொடிகள்.

2021 மார்ச் 23-இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ நினைவிருக்கும். கட்டியதும் சொந்தக்காரரும் ஜப்பான்; வாடகைக்கு எடுத்து ஓட்டியது தைவான் நிறுவனம்; தொழில்நுட்பப் பொறுப்பு ஒரு ஜெர்மானிய நிறுவனத்துக்கு; பின்பக்கத்தில் பனாமா. உள்ளே இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர். ஆறு நாளில் கப்பலை நகர்த்திவிட்டார்கள். ஆனால் இழப்பீட்டு வழக்குக்காக எகிப்து அதை ஜூலை 7 வரை பிடித்துவைத்தது. பேரம் நடந்தது முதலாளியோடும் காப்பீட்டாளரோடும், பனாமாவோடு அல்ல. மாதக்கணக்கில் கப்பலிலேயே காத்துக்கிடந்தவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் பெயர் எத்தனை செய்திகளில் வந்தது?

உயரமான கம்பத்தில் பறப்பதுதான் கப்பலின் கொடி என்பதும் தவறு. சென்னைக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல் மரியாதைக்காக நம் மூவர்ணக் கொடியை மேலே ஏற்றும். அதன் சொந்தக் கொடி பின்பக்கத்தில் பறக்கும்.

கடற்கரை இல்லாத நாட்டுக்குக் கப்பல் இருக்காது என்ற நம்பிக்கை திருவண்ணாமலைக்காரர்களுக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் கடலில்லா நாடும் தன் கொடியில் கப்பல் விடலாம் என்ற உரிமை 1921-இலேயே பார்சிலோனா மாநாட்டில் ஏற்கப்பட்டுவிட்டது. ஆல்ப்ஸ் மலைநாடான சுவிட்சர்லாந்தின் கடற்கப்பல்கள் பின்பக்கத்தில் பாசல் என்று எழுதிக்கொண்டு போகின்றன. மங்கோலியாவும் 2003-இல் பதிவேடு திறந்தது. அதன் அலுவலகம் சிங்கப்பூரில்.

நம்பிக்கை: வெளிநாட்டுக் கொடி போட்டால் நம் சட்டம் தொடாது.

நடுக்கடலில் பெரும்பாலும் கொடி நாட்டின் சட்டமே செல்லும். கரையை நெருங்கினால் கதை வேறு. சியரா லியோன் கொடியோடு வந்த ‘சீமன் கார்டு ஓஹியோ’ என்ற ஆயுதக் காவல் கப்பலை 2013 அக்டோபரில் பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்த 35 பேருக்கும் 2016-இல் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுவித்தது. இத்தனை ஆண்டும் வழக்கு நடந்தது நம் நீதிமன்றங்களில்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது கடைசி நம்பிக்கை: “எந்தக் கொடியா இருந்தா என்ன, சம்பளம் வந்தா சரி.” சம்பளம் வராமல் நிற்கும்போதுதான் கொடி முக்கியமாகிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. கைவிடப்பட்ட மாலுமியை ஊருக்கு அனுப்பவும், நிலுவைச் சம்பளத்தில் நான்கு மாதம் வரை கொடுக்கவும் காப்பீடு இருந்தாக வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் அதன் விதி. இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே கைவிட்டதாகக் கணக்கு. இந்த விதி பின்பற்றப்படுகிறதா என்று பார்க்க வேண்டிய முதல் பொறுப்பு கொடி நாட்டுக்கு.

ஆகவே பிள்ளை கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: எந்தக் கொடி? அந்த நாடு உடன்படிக்கையை ஏற்றதா? ஏஜென்டுக்கு இந்தியக் கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆட்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா? கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணையும் குறித்துவையுங்கள், பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது. மகன் கப்பலில் ஏறியதும், மாலுமிகள் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய காப்பீட்டுச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காப்பீட்டாளரை எப்படித் தொடர்புகொள்வது என்பது அதிலேயே இருக்கும்.