வாங்க வந்தவர் ஏன் திரும்பிப் போனார்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கைத்தறிச் சேலைகளை இணையத்தில் விற்கத் தொடங்கியதிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், படம் படமாகப் பார்க்கிறார்கள், பிடித்ததைக் கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டும் பக்கம் வந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விளம்பரச் செலவை இரட்டிப்பாக்கச் சொல்கிறது உங்கள் ஏஜென்சி. உங்கள் மருமகனோ முதலில் யூசர் டெஸ்டிங், அதாவது ஆட்களைத் தளத்தில் வாங்க வைத்துப் பக்கத்திலிருந்து கவனிக்கும் சோதனை, செய்து பார்க்கலாம் என்கிறார். அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே, எனக்கு அதனால் நாலு காசு கூடுதலாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். விளம்பரத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தைத் தொடும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் ஏதோ ஒன்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறது என்றால், விளம்பரம் இன்னும் நிறையப் பேரைக் கூட்டிவந்து அதே பக்கத்தில் நிறுத்தும். அப்படி வந்து திரும்பும் ஒவ்வொருவருக்கும் நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள்.

இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இத்துறை நிபுணரான அமெரிக்கர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதியது. நிறுவனத்தின் பெயரை அவர் வெளியிடவில்லை. பெரிய இணையக் கடை என்பது மட்டும் தெரியும். கூடையை நிரப்பிவிட்டு 'செக்அவுட்' அழுத்தினால் அங்கே ஒரு சின்னப் படிவம் வரும். மின்னஞ்சல், பாஸ்வேர்டு என்று இரண்டே கட்டங்கள். 'லாகின்', 'ரெஜிஸ்டர்' என்று இரண்டு பொத்தான்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு. அவ்வளவுதான். அதைச் செய்தவர்களின் கணக்கும் நியாயமாகத்தான் இருந்தது: புதிதாக வருபவர் ஒரே ஒரு தடவை பதிவு செய்யப்போகிறார், அதில் என்ன சிரமம்? அடிக்கடி வருபவருக்கு முகவரியைத் திரும்பத் திரும்ப எழுதும் வேலை மிச்சம்.

ஸ்பூலின் குழு, அந்தக் கடையில் உண்மையாகவே ஏதாவது வாங்க வேண்டியிருந்தவர்களை அழைத்தது. வாங்க வேண்டியவற்றின் பட்டியலோடு வரச் சொன்னார்கள். வாங்குவதற்கான பணத்தையும் கொடுத்தார்கள். பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள். புதியவர்களுக்கு 'ரெஜிஸ்டர்' பொத்தானைக் கண்டதுமே எரிச்சல் வந்தது. பொருள் வாங்க வந்த இடத்தில் நம்மைப் பற்றிய விவரம் எதற்கு என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பழைய வாடிக்கையாளர்களின் பாடு அதைவிட மோசம். எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தோம், என்ன பாஸ்வேர்டு வைத்தோம் என்பது அவர்களில் பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை. இதுவா அதுவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அலுத்துப்போனார்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் நிறுவனத்தின் தரவுகளைத் தோண்டினார்கள். வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தன. சிலருக்குப் பத்து வரை. நாளொன்றுக்கு 1,60,000 முறை மறந்த பாஸ்வேர்டைக் கேட்டு விண்ணப்பம் வந்துகொண்டிருந்தது. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கொள்முதலை முடிக்கவே இல்லை. 'ரெஜிஸ்டர்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை, வேண்டுமானால் பணம் கட்டும்போது தொடங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பையும் போட்டார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் மாதத்திலேயே ஒன்றரைக் கோடி டாலர் கூடுதல் வருமானம், முதல் ஆண்டில் 30 கோடி டாலர்.

30 கோடி என்ற தொகையில் மயங்க வேண்டாம். அது அந்தக் கடையின் பருமனால் வந்த தொகை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த 1,60,000 என்ற எண் அதற்கு முன்பும் அந்த நிறுவனத்தின் கணினியில்தான் கிடந்தது. அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதர் கண்ணெதிரே பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த பிறகே தோன்றியது. உங்களிடமும் எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தில் போனார்கள் என்ற புள்ளிவிவரம் இருக்கிறது. ஏன் போனார்கள் என்பது அதில் இல்லை. வீட்டுக்காரருக்கு இருட்டிலும் படி தெரியும், விருந்தாளிதான் இடறுவார். உங்கள் தளத்தில் உங்களுக்கும் அதைக் கட்டிக்கொடுத்த பையனுக்கும் எதுவும் இடறாது.

உங்கள் தளத்தை நானும் திறந்து பார்த்தேன். முகவரிப் பக்கத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறது. நம் ஊரில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டால், குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று உங்கள் படிவம் திருப்பி அனுப்புகிறது. எங்கோ வெளிநாட்டில் செய்த டெம்ப்ளேட்டை அப்படியே மாட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இதை இன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். ஆனால் ஆட்கள் போவதற்கு இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இது என் கண்ணில் பட்டது, அவ்வளவே. உங்கள் வாடிக்கையாளரின் விரல் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு காலைப்பொழுது போதும். உங்கள் கடைக்கு நேரில் வந்து வாங்கும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரை, இதுவரை உங்கள் தளத்தைப் பார்க்காதவரை, அழையுங்கள். அவருடைய போனிலேயே செய்யட்டும். இது மிக முக்கியம். அலுவலகத்தின் புதுப் போனில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அவர் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார். அதனாலேயே பணம் கட்டும் பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்திருக்கலாம். "தங்கை மகள் வளைகாப்புக்கு ஐயாயிரத்துக்குள் ஒரு சேலை வாங்கித் திருச்சிக்கு அனுப்ப வேண்டும்" என்று ஒரு வேலையைக் கொடுங்கள். திரையில் இருக்கும் வார்த்தைகளை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அந்த வார்த்தையைத்தான் தேடுவார்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982-இல் எழுதிவைத்த முறை இது. இன்றும் இதைவிட மலிவான, நல்ல வழி கிடையாது. அதன்பின் நீங்கள் பேசக் கூடாது. "இதை அழுத்தவா?" என்று கேட்பார். "நான் பக்கத்தில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள், அதைச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம், கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

அவர் ஓடிபி வாங்க மெசேஜுக்குப் போய்த் திரும்புவார். பக்கம் முதலிலிருந்து லோட் ஆகும். சேலைப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருப்பார். கூடையில் போட்டுவிட்டு ஓடிப்போனவர் என்று உங்கள் கணக்கில் விழுவது இவரும்தான். மகள் சாயங்காலம் சரி என்று சொன்ன பிறகு திரும்ப வந்து பார்த்தால் கூடை காலியாக இருக்கும். சேலையின் கரையும் முந்தானையும் தெளிவாகத் தெரியும்படி ஒரே படமும், அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பொத்தானும், நாலு நாளைக்குக் காலியாகாத கூடையும் இருந்தால் அங்கே ஒரு விற்பனை நடந்திருக்கும். இப்படியொரு விஷயம் எந்தக் கருத்துக்கணிப்பிலும் கிடைக்காது.

கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டால் "நல்லாருக்கு தம்பி" என்பார். நம் மக்கள் எதிரில் இருப்பவர் மனம் நோகப் பேசமாட்டார்கள். திணறியவர்கள்கூட "எனக்குத்தான் இதெல்லாம் சரியா வராது" என்று பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள். அவர் சொன்னதை விடுங்கள், செய்ததை எழுதிவையுங்கள்.

எத்தனை பேரைப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. இத்துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். சராசரியாக ஒருவரைப் பார்த்தாலே குறைகளில் 31 சதவீதம் வெளிப்பட்டுவிடுகிறது. ஐந்து பேரைப் பார்த்தால் 85 சதவீதம். அதற்குமேல் வருபவர்கள் பெரும்பாலும் அதே இடங்களில்தான் திணறுவார்கள். பதினைந்து பேருக்குப் பணம் இருந்தால் ஐந்தைந்து பேராக மூன்று சுற்று வையுங்கள், நடுவில் திருத்துங்கள் என்பது நீல்சனின் யோசனை. நானும் அதையே சொல்வேன். இது சராசரிதான், சட்டம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்குச் சேலை அனுப்புபவரும் ஈரோட்டில் தனக்கே வாங்குபவரும் ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள் அல்லர்; இருவகையினரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஊழியர்கள் பார்க்கும் திரையையும் சோதியுங்கள். 2020 ஆகஸ்ட்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடன் தொடர்பாகச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போகாமல் உள் கணக்கிலேயே நிற்க, ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில் 'பிரின்சிபல்', 'ஃப்ரண்ட்', 'ஃபண்ட்' என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் உட்பட மூன்று பேர் சரிபார்த்தார்கள். 'பிரின்சிபல்' ஒன்றை நிரப்பினால் போதும் என்றே மூவரும் நினைத்தார்கள். திரை அப்படித்தான் நினைக்க வைத்தது. கிட்டத்தட்ட 90 கோடி டாலர், ரெவ்லானுக்குக் கடன் கொடுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதில் சுமார் 50 கோடியைச் சிலர் திருப்பித்தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது. மூன்று பேர் சரிபார்த்தும் தப்பு நடந்தது என்றால் அந்த மூவரைத் திட்டிப் பயனில்லை. உங்கள் பேக்கிங் ஆட்கள் மாற்றி அனுப்பிவிடும் சேலைகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அவர்களைக் கடிந்துகொள்ளும் முன், அவர்கள் பார்க்கும் ஆர்டர் பட்டியலின் முன்னால் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள்.

சில சமயம் சோதனை, தொழிலையே வேறு திசைக்குத் திருப்பிவிடும். கென்யாவில் 2005-இல் வோடஃபோனும் சஃபாரிகாமும் நுண்கடன் தவணையைச் செல்போனில் கட்ட ஓர் ஏற்பாட்டைச் சில நூறு பேரிடம் சோதித்தார்கள். அந்த மக்கள் அதைத் தவணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினார்கள், பயணத்தில் கையில் காசு வைத்திருக்கப் பயந்து இங்கே போட்டு அங்கே எடுத்தார்கள். அதைக் கவனித்தவர்கள், 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற பெயரில் அந்த ஏற்பாட்டை வெளியிட்டபோது, வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாகவே வெளியிட்டார்கள்.

சோதனையால் தெரியாதவையும் உண்டு. உங்கள் விலை சரியா, இந்த நிறம் இந்த ஆண்டு ஓடுமா என்பதை ஐந்து பேரை வைத்து முடிவுசெய்யாதீர்கள். விற்பனை எத்தனை சதவீதம் கூடும் என்றும் அது முன்கூட்டிச் சொல்லாது. திருத்திய பிறகு ஒரு மாதக் கணக்கைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும். தீபாவளி மாதத்தை வேறு மாதத்தோடு ஒப்பிட்டு ஏமாந்துவிட வேண்டாம்.

சோதனைக்கு வருபவர்களுக்கு அவர்கள் நேரத்துக்கு உரிய பணமோ ஒரு சேலையோ கொடுத்துவிடுங்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு எடுங்கள். கார்டு எண் போடும்போது நிறுத்திவிடுங்கள். தளத்தைக் கட்டிய பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் பத்துப் பக்கம் எழுதிக்கொடுத்தாலும் நகராத வேலை, ஓர் அம்மா தன் எதிரில் திணறுவதை அந்தப் பையன் பார்த்தால் அன்று ராத்திரியே நடக்கும். குறிப்புகளை எனக்கும் அனுப்புங்கள். ஏஜென்சிக்கு என்ன பதில் சொல்வது என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுப் பேசலாம். அதுவரை அவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்